இருபத்திரண்டாம் எண் குழாய்

ஒரு காட்டில், குளம் பாதி வற்றிப்போன பங்குனி மாதத்தில், வாகை மரத்தடியில் ஒரு கூட்டம் நடந்தது. அன்று வந்திருந்தவர்கள்: யானை இரண்டு (தாயும் மகளும்), கடமான் நான்கு, கருமந்தி மூன்று, காட்டுப்பன்றி ஐந்து, முயல் மூன்று, கீரி இரண்டு, முள்ளம்பன்றி ஒன்று, தேவாங்கு ஒன்று. ஆக இருபத்தொன்று. மரத்தின் மேல் ஓர் ஓணானும் இருந்தது. அது பாதியிலேயே போய்விட்டதால் கணக்கில் சேர்க்கவில்லை.

கூட்டம் யானைக் குட்டியைப் பற்றியது. குட்டியின் பெயர் குன்றி. வயது மூன்று. இரண்டு நாளாக அதைக் குளத்தில் இறங்க விடவில்லை. மகள் குடிக்காத தண்ணீரைத் தானும் குடிக்க மாட்டேன் என்று தாய் பெரியநாயகியும் கரையிலேயே நின்றிருந்தது.

தடைக்கு ஒரு காரணம் உண்டு. போன வருடம் குன்றியின் அண்ணன் மலையன், யானைகளுக்கு வரும் ஹெர்பிஸ் வைரஸால் செத்துப்போனான். காலையில் நாக்கு நீலமானது. மறுநாள் மாலை அவன் இல்லை. காடே பயந்துவிட்டது. உடனே கூட்டம் போட்டு, வைரஸ் உள்ளவர் எவரும் குளத்தில் இறங்கக் கூடாது, அவருக்கு நீர் கொண்டுபோய்க் கொடுக்கவும் கூடாது என்று விதி எழுதினார்கள். எழுதியவர் செயலர் சடையப்பன் என்ற முள்ளம்பன்றி. அவர் தயாரித்த படிவத்தில் ஒரே ஒரு கேள்விதான்: 'வைரஸ் மரபணு உண்டா? ஆம் / இல்லை.' மலையனின் தங்கை என்று முதல் சோதனையைக் குன்றிக்குத்தான் செய்தார்கள். 'ஆம்' என்று வந்துவிட்டது.

சோதனை செய்தது தேவாங்கு வடிவாம்பாள். அதற்குப் படிப்பு கிடையாது. காட்டோரக் கொட்டகையில் மனிதர்கள் சிலர் மூன்று வருடம் இதே வைரஸை ஆராய்ந்தார்கள். அந்தக் கொட்டகை உத்தரத்தில் உட்கார்ந்து கண்ணிமைக்காமல் பார்த்ததுதான் அதன் படிப்பு. திட்டம் முடிந்ததும் மனிதர்கள் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போனவை நான்கு: மரபணுவைக் கண்டுபிடிக்கும் ஒரு பிசிஆர் பெட்டி, ரத்தத்தைச் சுற்றிப் பிரிக்கும், மூடி விரிசல் விட்ட ஒரு சுழலி, புரதங்களைப் பிரிக்க இருபத்துநான்கு பள்ளம் உள்ள ஒரு கூழ்த்தட்டு, மருந்தும் குழாய்களும் உள்ள ஒரு குளிர்பெட்டி. மின்சாரத்துக்கு, யானை வராமல் இருக்க அவர்கள் போட்ட சோலார் வேலி இருந்தது.

"செயலர் ஐயா," என்றது வடிவாம்பாள். சத்தமாகப் பேசி அதற்குப் பழக்கமில்லை. "மரபணு இருந்தா வைரஸ் உள்ளே இருக்குன்னு தெரியும். அது முழிச்சிருக்கா, தூங்குதான்னு தெரியாது. அதை அந்த மரபணு செய்யிற புரதம்தான் சொல்லும்."

"தூங்குற வைரஸா?" என்றது ஒரு கருமந்தி. "நீ பகல்ல தூங்கி வழியிற மாதிரியா?"

"என்னை மாதிரியேதான். யாரும் தொந்தரவு பண்ணலேன்னா அது பாட்டுக்குத் தூங்கும்."

"கொஞ்சம் புரியிற மாதிரி சொல்லுங்க வடிவு," என்றது பெரியநாயகி.

"மரபணுங்கிறது எழுதி மடிச்சு வெச்ச குறிப்பு அக்கா. புரதம் அந்தக் குறிப்பைப் பிரிச்சு, பார்த்துச் செய்யிற பண்டம். வைரஸ் தூங்கும்போது குறிப்பு மடிச்சபடி கிடக்கும். எழுந்தாத்தான் பண்டம் வரும். நான் பார்க்கிற புரதம் நாற்பத்திரண்டு கிலோடால்டன் எடை. அது ரத்தத்துல இருந்தா ஆபத்து."

"நாற்பத்திரண்டு கிலோவா! யானை தாங்கும். முயல் என்ன ஆகும்?" என்றது கருமந்தி. முயல்கள் மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"அது வேற கிலோ, கண்ணுக்குத் தெரியாததை நிறுக்கிற கிலோ," என்றது வடிவாம்பாள். "இன்னொண்ணு ஐயா. உடம்பு தளர்ந்தா வைரஸ் முழிச்சுக்கும். ரெண்டு நாளா புள்ளைக்குத் தண்ணி இல்லை. இன்னும் ஒரு நாள் போனா தூங்குறதை நாமளே தட்டி எழுப்பின மாதிரி ஆயிரும்."

செயலர் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "புரதத்துக்கு இதில் இடமில்லையே அம்மா."

"அப்போ ஒண்ணு செய்யலாம். எல்லாருக்கும் பார்ப்போம். மத்தவங்களோட வெச்சுப் பார்த்தாத்தானே குன்றிக்கு என்னன்னு சொல்ல முடியும்?"

தங்களுக்கு ஒன்றும் இருக்காது என்ற தைரியத்தில் எல்லோரும் சம்மதித்தார்கள்.

ரத்தம் எடுக்கச் செயலர் தம் முதுகிலிருந்து இருபத்தொரு முள் கொடுத்தார். இருபது திரும்பி வந்தது. ஒன்று மூன்றாவது காட்டுப்பன்றியோடு ஓடிவிட்டது. ரத்தம் மட்டும் கிடைத்தது; பன்றி பின்னால் முள் இல்லாமல் திரும்பி வந்தது. செயலர் தம்மையும் தம் முள்ளாலேயே குத்திக்கொண்டார். முகம் சுளிக்கவில்லை.

எல்லோரும் கொட்டகைக்குப் போனார்கள். ரத்தக் குழாய்களைச் சுழலியில் வைக்கும்போது ஒரு சிக்கல் வந்தது. சுழலியில் ஒவ்வொரு குழாய்க்கும் நேர் எதிரே அதே எடையில் இன்னொன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இயந்திரம் குதிக்கும். வடிவாம்பாள் ஜோடி ஜோடியாக வைத்துக்கொண்டே வந்தது. பத்து ஜோடி போக ஒன்று மிஞ்சியது. ஆகவே இன்னொரு குழாயில் அதே அளவு தண்ணீர் ஊற்றி, எதிரே வைத்து, மறந்துபோகாமல் இருக்க 22 என்று எழுதியது. சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கவும் அந்தத் தண்ணீர் உதவும். அதில் ஒன்றும் தெரியக் கூடாது. தெரிந்தால் சோதனையில் தப்பு.

முதலில் மரபணு. பிசிஆர் பெட்டி இரண்டு மணி நேரம் முனகியது. ஒவ்வொரு விலங்குக்கும் அதனதன் வகை ஹெர்பிஸ் வைரஸ் உண்டு. எல்லா வகையிலும் அந்த மரபணு கொஞ்சம் கொஞ்சம் மாறி இருக்கும். வடிவாம்பாளின் மருந்து எல்லாவற்றையும் பிடிக்கும்.

அடுத்து புரதம். கூழ்த்தட்டில் இருபத்துநான்கு பள்ளம். இருபத்தொரு பேருடைய ரத்தம், தண்ணீர் ஒன்று, எடை தெரிந்த புரதங்களின் கலவை ஒன்று. கடைசிப் பள்ளத்துக்கு வடிவாம்பாள் குளிர்பெட்டியிலிருந்து ஒரு பழைய குழாயை எடுத்தது. அதற்கு எண் இல்லை.

"அது யாருதுங்க?" என்று கேட்டது பெரியநாயகி.

வடிவாம்பாள் சற்றுத் தயங்கியது. "மலையனோடது அக்கா. மனுசங்க எடுத்து வெச்சது. அந்தப் புரதம் இருந்தா எப்படித் தெரியும்னு காட்ட வேற ரத்தம் என்கிட்ட இல்லை."

பெரியநாயகி தும்பிக்கை நுனியைக் குழாயருகே கொண்டுபோய் ஒரு முறை மோந்துவிட்டு எடுத்துக்கொண்டது.

வேலி மின்சாரத்தைக் கூழில் பாய்ச்சினார்கள். எடை குறைந்த புரதம் கூழுக்குள் முன்னால் ஓடும். எடை கூடியது பின்தங்கும். பிறகு, தேடும் புரதத்தை மட்டும் பிடித்து நிறம் காட்டும் மருந்தைப் போட்டார்கள். நாற்பத்திரண்டுக்கு நேராக ஒரே ஒரு பட்டை தெரிந்தது. தடிமனான பட்டை. அது மலையனுடையது. மற்ற இடங்கள் எல்லாம் வெறுமை.

"குன்றிக்கு இல்லை," என்றது வடிவாம்பாள். அன்றைக்கு அது சத்தமாகச் சொன்னது அது ஒன்றுதான். "யாருக்குமே இல்லை. எல்லாருக்கும் தூங்குது."

"எல்லாருக்குமா? அப்படின்னா?" என்றார் செயலர்.

"மரபணு இருபத்தொரு பேருக்கும் இருக்கு ஐயா."

கடமான்கள் நான்கும் எழுந்து நின்றன. காட்டுப்பன்றிகள் ஒன்றைவிட்டு ஒன்று தள்ளி உட்கார்ந்தன. செயலர் மட்டும் அசையாமல் படிவங்களை எடுத்து, வரிசையாக 'ஆம்' என்று எழுதத் தொடங்கினார். இருபதாவது படிவம் அவருடையது. அதிலும் 'ஆம்' என்றே எழுதினார்.

"யோவ் செயலரே," என்றது கருமந்தி. "அப்போ குளத்துல யாருதான்யா இறங்குறது?"

"விதிப்படி ஒருவரும் இறங்க முடியாது." இருபத்திரண்டாவது எண்ணுக்கு வந்ததும் அவர் பேனா நின்றது. "இதோ, இவருக்கு மரபணுவும் இல்லை. புரதமும் இல்லை. யார் இவர்?"

"அது தண்ணி ஐயா. சுழலி குதிக்காம இருக்க வெச்சது."

"எண் கொடுத்திருக்கிறீர்களே அம்மா. எண் இருந்தால் படிவம் இருக்க வேண்டும்."

எண் எழுதியது தன் தப்பு என்று வடிவாம்பாளுக்குத் தெரிந்தது. செயலர் சிரிக்காமல் நிரப்பினார். பெயர்: தண்ணீர். தந்தை பெயர்: குளம். வயது: இன்று காலை ஆறு மணி முதல். நிறம்: இல்லை. அங்க அடையாளம்: இல்லை. வைரஸ்: இல்லை. கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, காட்டின் ஒரே உடல்நலச் சான்றிதழைக் குழாயில் சுற்றி நூலால் கட்டினார்.

"இவர் ஒருவர் மட்டும் குளத்தில் இறங்கலாம்."

குன்றியின் வாய் ஓரம் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. பெரியநாயகி அதைப் பார்த்தது. பிறகு குழாயைப் பார்த்தது.

"ஏனுங்க செயலர் ஐயா, இந்தத் தண்ணிப் பெரியவரு குளத்துக்கு எப்படிப் போவாரு? காலே இல்லீங்களே."

செயலர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "ஏழாம் விதி. சான்றிதழ் பெற்றவர் நடக்க இயலாதவரானால் துணைக்கு ஆள் அழைத்துச் செல்லலாம்."

"துணைக்குப் போறவங்களுக்குச் சான்றிதழ் வேணுங்களா?"

அவர் இரண்டு முறை படித்தார். "விதி கேட்கவில்லை."

"எத்தனை பேர் போலாமுங்க?"

"எண்ணிக்கை..." அவருடைய நாக்கும் வறண்டிருந்தது. "எண்ணிக்கை குறிப்பிடவில்லை."

"ரொம்பக் கனமா இருப்பாரு போலிருக்கே," என்றது கருமந்தி, குழாயை விரலால் தூக்கிப் பார்த்து. "இருபத்தொரு பேராவது வேணும்."

அப்படியே இருபத்தொரு பேரும் கிளம்பினார்கள். குழாயைத் தும்பிக்கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தது குன்றி. கரையை அடைந்ததும் அது நிற்கவில்லை. நேராக முழங்கால் அளவு தண்ணீருக்குப் போனது. யானைக்குப் பிடிக்கவும் குடிக்கவும் ஒரே தும்பிக்கைதான். குடிக்கத் தும்பிக்கையை இறக்கியபோது குழாயும் சேர்ந்து இறங்கியது. மூடி கழன்றது. சான்றிதழ் ஒரு பக்கமும் வெறும் குழாய் ஒரு பக்கமும் மிதந்தன.

குன்றி பதினான்கு முறை உறிஞ்சிக் குடித்தது. பெரியநாயகி அது முடித்த பிறகு ஆரம்பித்தது. மற்றவர்கள் காத்திருக்கவில்லை.

"சான்றிதழ் பெற்ற உறுப்பினர் எங்கே?" என்றார் செயலர். அவர் மீசையிலிருந்து நீர் சொட்டியது.

"உள்ளே இறங்கியிருக்காரு," என்றது கருமந்தி.

"எப்போது கரையேறுவார்?"

எல்லோரும் வடிவாம்பாளைப் பார்த்தார்கள். அது தெரியாததைத் தெரியும் என்று சொல்லாது. நன்றாக யோசித்துவிட்டு, "சொல்ல முடியாது ஐயா. கலந்துட்டாரு," என்றது.

செயலர் ஏழாம் விதியின் மீதியைப் படித்தார். சான்றிதழ் பெற்றவர் கரையேறும்வரை துணையாளர்கள் காலையும் மாலையும் வந்து பார்க்க வேண்டும் என்று இருந்தது. அவர் அதை இரண்டு முறை உரக்கப் படித்தார். அன்றிலிருந்து அந்தக் காட்டில் தடையும் நீங்கவில்லை, ஒருவரும் அதை மீறவும் இல்லை. இருபத்தொரு பேரும் காலையும் மாலையும் குளத்துக்குப் போய், மூக்கு முழுகும்வரை குனிந்து, தொலைந்தவரைத் தேடிவிட்டு வருகிறார்கள்.

எட்டாம் நாள் வடிவாம்பாள் மறுபடியும் எல்லோருக்கும் சோதனை செய்தது. மரபணு இருபத்தொரு பேருக்கும் இருந்தது. புரதம் ஒருவருக்கும் இல்லை. சுழலிக்கு மறுபடியும் ஒரு தண்ணீர்க் குழாய் தேவைப்பட்டது. இந்த முறை அதற்கு எண் எழுதவில்லை.

நீதி: முழு ஆரோக்கியம் வேண்டுவோர் பிறக்காமல் இருப்பது நல்லது; பிறந்துவிட்டவர்கள் துணைக்குப் போகலாம். (குளத்துக்குப் போனவர்கள் இருபத்திரண்டு. திரும்பியவர்கள் இருபத்தொன்று. இன்னும் கரையேறாதவர் ஒன்று.)