ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி

நவம்பர் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், பனிக்கட்டி மிதக்கும் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டபடி நான் இரண்டு சபதங்கள் செய்தேன். முதலாவது, இனி குதிரைக்காகப் புல்லை நனைப்பதில்லை. இரண்டாவது, என் மாமனாரைப் பின்னறையில் குடியேற விடுவதில்லை. முதல் சபதம் நிறைவேறிவிட்டது. அது நிறைவேறிய விதத்தில்தான் இரண்டாவது பாழாய்ப் போனது.

எங்களுக்கு இரண்டு குதிரைகள். சரியாகச் சொன்னால், குதிரைகள் என் மனைவி நெரிஸுக்கு, அவற்றின் வேலை எனக்கு. ஆண் குதிரையின் பெயர் தாரன். வீட்டிலே தாரம், லாயத்திலே தாரன், நடுவிலே நான். இன்னொன்று காடி என்ற கிழட்டுப் பெண்குதிரை. காய்ந்த புல்லின் தூசி மூக்கில் ஏறினால் காடிக்கு இருமல் வரும். காடி இருமினால் நெரிஸுக்குத் தூக்கம் வராது. நெரிஸுக்குத் தூக்கம் வராவிட்டால் எனக்கு நிம்மதி கிடையாது. ஆகவே தினமும் காலையில் புல்லை வலைப்பையில் அடைத்து, தொட்டித் தண்ணீரில் முக்கி, சொட்டச் சொட்டத் தூக்கிக்கொண்டு போய் மாட்ட வேண்டும். வேல்ஸ் மலையில் குளிர்காலம் என்றால், முதலில் தொட்டியின் பனிக்கட்டியைச் சுத்தியலால் உடைக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு சட்டைக் கைக்குள் என் கை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் விமோசனமாக ஹேலேஜ் என்று ஒன்று இருக்கிறது. புல் முழுக்கக் காய்வதற்கு முன்பே கட்டாகக் கட்டி, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றி, லேசாகப் புளிக்க விடுவார்கள். ஈரம் இருக்கும், தூசி இருக்காது. நனைக்கவே வேண்டாம். அன்று சாப்பாட்டு மேசையில் பேச்செடுத்தேன்.

"ரெண்டு குதிரையையும் ஹேலேஜுக்கு மாத்திடலாம், நெரிஸ். காடிக்குப் பேரிலேயே புளிப்பு இருக்கு."

"வேணாம்."

"பக்கத்துப் பண்ணை டில்வின் குதிரைங்க அதைத்தானே திங்குது?"

"டில்வின் குதிரைங்க வேலியையும்தான் திங்குது. என் குதிரைங்க வயிறு அப்படியில்ல."

"என் கை விறைச்சுப் போகுது."

"பாக்கெட்ல விட்டுக்கோ."

"பாக்கெட்ல விட்டுக்கிட்டு எப்படி நனைக்கிறது?"

"ஒரு கையை விட்டுக்கோ. அது கெடக்கட்டும், அப்பா விஷயம் என்ன ஆச்சு?"

அப்பா என்பது கார்மன், என் மாமனார். மலைக்கு மேலே தனி வீடு, எழுபத்தொன்பது வயது. தேவாலயப் பாடகர் குழுவில் நாற்பது வருஷம் அடிக்குரல் பாடியவர். போன கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் வந்து தங்கினார். மூன்று நாளும் விடியற்காலை ஐந்தரைக்குக் கர்த்தரைத் துதித்தார். கர்த்தருக்குக் கேட்டதோ இல்லையோ, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இந்த மனிதரைத்தான் என் பின்னறையில் வைக்க வேண்டுமாம். அந்த அறையில் என் சாய்வு நாற்காலியும் ரேடியோவும் தவிர வேறொன்றும் இல்லை. சனிக்கிழமை ரக்பி வர்ணனையை அங்கேதான் கேட்பேன். உலகத்தில் "எம்லின்" என்று யாரும் என்னைக் கூப்பிடாத இடம் அது ஒன்றுதான்.

"அவர் வீடு ஐஸ்பெட்டி மாதிரி இருக்கு, எம்லின். இந்தக் குளிருக்கு மட்டும்."

"என் உடம்புல உசிரு இருக்கிற வரைக்கும் நடக்காது."

"சரி," என்றாள்.

கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னது கிடையாது. நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டுத் தொலைத்தேன்.

மறுநாள் டில்வினைப் போய்ப் பார்த்தேன். அவளுக்குத் தெரியாமல் மாற்ற வேண்டும், வழி சொல் என்றேன். வழியைத் தயாராக வைத்திருந்தவன் போலச் சொன்னான்.

"ஒரேடியா மாத்தினா குதிரை வயிறு தாங்காதுப்பா. முதல் நாள் ஒரு கைப்பிடி போதும். மறுநாள் ரெண்டு. பழைய புல்லுக்கு நடுவுல திணிச்சு வை. பதினஞ்சு நாள்ல முழுக்க மாறிடும். குதிரைக்கே தெரியாது."

"நெரிஸுக்கு?"

"குதிரைக்கே தெரியாதுன்னா நெரிஸுக்கு எப்படித் தெரியும்?" என்றான். இந்தப் பேச்சை நான் நம்பினேன்.

ஹேலேஜ் கட்டுகளை அவன் கொட்டகையிலேயே ஒளித்துவைத்தோம். முதல் நாள் ஒரு கைப்பிடி கலந்தேன். காடி முகர்ந்தது, யோசித்தது, தின்றது. அன்று மாலை மாமனார் டீ குடிக்க வந்தார். ஒரு டீ குடித்தார், போய்விட்டார். பெற்ற மகள் வீட்டில் ஒரு டீ குடிப்பதை யார் தடுக்க முடியும்?

மூன்றாம் நாள் மூன்று கைப்பிடி. மாமனார் டீயோடு சூப்பும் குடித்தார். தரை சில்லிடுகிறது என்று வீட்டுச் செருப்பு ஒரு ஜோடி எடுத்துவந்திருந்தார்.

"இதைத் தினமும் தூக்கிட்டு அலையணுமா? இங்கேயே கெடக்கட்டுமே," என்றாள் நெரிஸ்.

கிடக்கட்டும் என்றேன். செருப்பு பாடாது அல்லவா?

ஐந்தாம் நாள் எனக்கே சிக்கல் வந்தது.

"உன் மேல என்ன புளிச்ச வாடை?"

"எந்த வாடை?"

"கிட்ட வா. குடிச்சியா?"

புல் என்றால் மாட்டிக்கொள்வேன். "ஒரே ஒரு வாய்," என்றேன். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்ட அந்த நிமிஷமே என் ஞாயிற்றுக்கிழமை பீர் நான்கு பாட்டிலும் கழுவுதொட்டியில் இறங்கின. கண்ணெதிரே நுரைத்துக்கொண்டு போயின. நான் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு நாளைக்கு ஆறு கைப்பிடி என்று நினைத்தேன்.

எட்டாம் நாள் சாலையெல்லாம் உறைந்து வழுக்கியது. கிழவர் அன்று இரவு சோபாவில் படுத்துக்கொண்டார். காலையில் பாடவில்லை. முனகினார், அவ்வளவுதான். இந்த அளவு என்றால் பொறுத்துக்கொள்ளலாம் என்று எனக்கே தோன்றியது. பத்தாம் நாள் முனகலில் வார்த்தைகள் சேர்ந்தன. பன்னிரண்டாம் நாள் ஒரு சரணம் முழுசாக வந்தது. என் காலே அதற்குத் தாளம் போட்டதை நான் கவனித்தேன். ஆனால் அதைப்பற்றி யோசிக்க எனக்கு ஏது நேரம்? பழைய புல் எவ்வளவு, புதிய புல் எவ்வளவு என்று மனசெல்லாம் வலைப்பைக்குள் கிடந்தது. பதினான்காம் நாள், "இதைக் கொஞ்சம் பிடி," என்றாள் நெரிஸ். பிடித்தேன். "இந்தப் பக்கம் தள்ளு," என்றாள். தள்ளினேன். எதை, எங்கே என்று பார்க்கக்கூட இல்லை.

பதினைந்தாம் நாள் வலைப்பையில் ஹேலேஜைத் தவிர வேறில்லை. காடி சத்தமில்லாமல் தின்றது. ஒரு இருமல் இல்லை. காய்ந்த கைகளை நானே ஒருமுறை ஆசையாகப் பார்த்துக்கொண்டேன். நேராகச் சமையலறைக்குப் போனேன்.

"காடி ரெண்டு வாரமா என்ன திங்குதுன்னு தெரியுமா உனக்கு?"

"ஹேலேஜ்," என்றாள், ரொட்டியை வெட்டிக்கொண்டே.

"எப்போ தெரிஞ்சுது?"

"எனக்குத் தெரியாம எப்படி? உனக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லி டில்வின்கிட்ட முன்னாடியே பேசி வெச்சதே நான்தான்."

"அப்புறம் ஏன் வேணாம்னு சொன்னே?"

"வேணும்னு சொல்லியிருந்தா ரெண்டே நாள்ல மொத்தத்தையும் கொட்டியிருப்பே. காடி வயித்து வலியில துடிச்சிருக்கும். வேணாம்னு சொன்னதாலதான் எவ்வளவு கவனமாப் பண்ணினே பாரு."

பாராட்டா, அவமானமா என்று நான் பிரித்துப் பார்ப்பதற்குள் பின்னறையிலிருந்து அடிக்குரல் கிளம்பியது. ஐந்து சரணம். தட்டுகள் அதிர்ந்தன. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். என் நாற்காலியில் மாமனார். என் ரேடியோவில் பிரசங்கம். மூலையில் ஒரு கட்டில், கம்பளி விரித்து, தலையணை வைத்து.

"வாங்க மாப்பிள்ளை," என்றார். என் அறைக்கு என்னை வரவேற்றார்.

திரும்பிப் பார்த்தேன். நெரிஸ் பின்னாலேயே வந்து நின்றாள்.

"இவர் எப்போ இங்க குடிவந்தார்?"

"எங்க குடிவந்தார்? கொஞ்சம் கொஞ்சமாக் கலந்தேன்."

"இந்தக் கட்டில்?"

"ஒரு முனையை நீதானே பிடிச்சே?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கிழவர் காதில் விழாதபடி அவளைக் கூடத்துக்கு இழுத்துவந்தேன்.

"உடனே அவரைத் திருப்பி அனுப்பு."

"ஒரேடியா அனுப்பினா அந்த உடம்பு தாங்குமா? வந்த மாதிரியே கொஞ்சம் கொஞ்சமாத்தான் போகணும்."

"இன்னைக்கே ஆரம்பி."

"இன்னைக்கே ஆரம்பிக்கிறேன்," என்றாள்.

சொன்னபடி செய்தாள். மத்தியானமே அவருடைய கம்பளிக் காலுறை ஒரு ஜோடியை டில்வின் வண்டியில் மலைமேல் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். வண்டி திருப்பத்தில் மறையும் வரை வாசலில் நின்று பார்த்தேன். இன்னும் பதினான்கு நாள் என்று எனக்கு நானே தேறுதல் சொல்லிக்கொண்டேன்.

நாலு மணிக்குப் பனி கொட்ட ஆரம்பித்தது. கிழவருக்குக் கால் விறைத்தது. அந்தக் காலுறைதான் வேண்டும் என்றார், வேறெதுவும் ஆகாதாம். நான் கோட்டை மாட்டிக்கொண்டு, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு படி இறங்கினேன்.

"எம்லின்," என்று கூப்பிட்டாள் நெரிஸ். "போறதுதான் போறே, அப்பாவோட பெரிய பெட்டியையும் தூக்கிட்டு வந்துடு."