துரு காத்த டிக்சன்

என் உயிர் உள்ளவரை எங்கள் வீட்டு கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க விடமாட்டேன் என்று ஒரு திங்கட்கிழமை காலையில் சபதம் எடுத்தேன். சத்தமாக எடுக்கவில்லை. ஜெபசுதா சமையலறையில் இருந்தாள்.

சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். அதுவும் உண்டு. ஆனால் முக்கியக் காரணம் தொழில். கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படம் செய்வது என் வேலை. ஹைதராபாத்தில் இருக்கும் ஒரு கேம் கம்பெனிக்காக, தூத்துக்குடியில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு ஒரு துறைமுகத்தையே கட்டிக்கொண்டிருந்தேன். கிரேன், கண்டெய்னர், கைவிடப்பட்ட கப்பல். எல்லாம் மழையிலும் வெயிலிலும் கிடந்து துருப்பிடித்த மாதிரி இருக்க வேண்டும். கப்பலைக் கட்டுவது சுலபம். அதைப் பழசாக்குவதற்குள் நாம் பழசாகிவிடுவோம்.

மூன்று முறை துரு அனுப்பினேன். மூன்று முறையும் திரும்பி வந்தது. "டிக்சன், இது துருப்பிடித்த கப்பல் மாதிரி இல்லை. சாம்பார் கொட்டிய கப்பல் மாதிரி இருக்கிறது" என்று அங்கிருந்த மேலாளர் எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் நம்பும்படியான துரு வராவிட்டால் வேலை வேறொருவனுக்குப் போய்விடும்.

துருவுக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? கடையில் புது சைக்கிள் வாங்கி வீட்டுக்கு ஓட்டி வருவதற்குள் பெல் துருப்பிடித்துவிடும். அப்படிப்பட்ட கடற்காற்று. அதிலும் எங்கள் கேட்டுத் துரு இருக்கிறதே, அது பார்த்துப் பார்த்து வளர்த்த துரு. மேலே மஞ்சள், நடுவில் செம்மண், கீல் பக்கம் கறுப்பு, அடியில் பொருக்குப் பொருக்காக. காலையும் மாலையும் அதைப் போட்டோ எடுத்து, பார்த்துப் பார்த்துத்தான் படம் செய்துகொண்டிருந்தேன். கல்யாண ஆல்பத்தில்கூட ஜெபசுதாவுக்கு அவ்வளவு போட்டோ கிடையாது.

அவளுக்கு வேறு கவலை. சர்ச்சில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு அவள்தான் செயலாளர்.

"ஏங்க, சனிக்கிழம சங்கக் கூட்டம் நம்ம வீட்டுல. வாரவிய எல்லாரும் வெள்ளச் சேல. போன தடவ பக்கத்து வீட்டு தேவகனி அக்கா இந்த கேட்டத் தள்ளிக்கிட்டு உள்ள வந்தாவ. வெள்ளச் சேலையில வந்தவிய காவிச் சேலையில போனாவ. ஞாவகம் இருக்கா?"

"அதுக்கு?"

"அதுக்கு கேட்டச் சுரண்டி பெயிண்ட் அடிக்கணும். ஆள் கெடைக்கல. எல்லாவனும் கிறிஸ்மஸ் வேலைக்குப் போயிட்டான். நீங்கதான் அடிக்கணும். செயலாளர் வீட்டுலயே கறை பட்டுச்சுன்னா நான் அந்தப் பொம்பளைய மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"ஏளா, துருங்கது சும்மா அழுக்கு இல்ல. அதுல நெறம் தனி, மேடுபள்ளம் தனி, மினுமினுப்பு தனி. ஒரு துருவுக்கு நான் மூணு படம் செய்யணும், தெரியுமா?"

"மனுசன்னா துருதுருன்னு இருக்கணும். நீங்க வெறும் துருவா இருக்கிய."

ஆபத்து முற்றிவிட்டது. சுவரேறி ஆலோசனை கேட்டேன். பக்கத்து வீட்டு ரெக்சன் அண்ணாச்சி, தேவகனி அக்காவின் கணவர், துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்ட். பேசிப் பேசியே கண்டெய்னரை நகர்த்துகிறவர்.

"ஏலே டிக்சன், முடியாதுன்னு மட்டும் சொல்லிராத. முடியாதுன்னா சண்ட வரும். எங்க தொழில்ல ஒரு பெட்டிய நிப்பாட்டணும்னா எவனும் முடியாதும்பானா? இன்னும் ஒரு விவரம் வேணும்பான். பெட்டி அங்கனயே கெடக்கும்."

அண்ணாச்சி வாழ்க! நேராக வீட்டுக்குள் போனேன்.

"சுதா, பெயிண்ட் நானே அடிக்கேன்."

"நெசமாவா?"

"நெசமா. என்ன கலர்னு மட்டும் நீ முடிவு பண்ணு. நம்ம கேட்ட அப்படியே கம்ப்யூட்டர்ல செஞ்சு வச்சிருக்கேன். ஒவ்வொரு கலரா போட்டுக் காட்டுதேன். அவசரமே இல்ல."

ஒரு ஜாக்கெட் துணிக்குக் கலர் பார்க்க, கடை திறக்கும்போது போய்க் கடை அடைக்கும்போது வருகிறவள். கேட்டுக்குக் கலர் பார்க்க அடுத்த கிறிஸ்மஸ் வந்துவிடும் என்பது என் கணக்கு.

கணக்கு சரியாகவே போனது. செவ்வாய்க்கிழமை முழுக்க என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். மயில் நீலம் பார்த்தாள். வேப்பிலைப் பச்சை பார்த்தாள். "வெயில் பட்டா எப்படி இருக்கும்?" என்றாள். வெயில் அடித்துக் காட்டினேன். "மழ பெஞ்சா?" மழை பெய்ய வைத்தேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். பெட்டி அங்கனயே கிடந்தது.

புதன்கிழமை காலையில் காபியோடு வந்தாள்.

"ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"கலர் எல்லாம் அம்சமா இருக்கு. ஆனா துருவோட ஒரு கேட்டு செஞ்சிருக்கியளே, அது நம்ம கேட்டு மாதிரி இல்ல."

"என்ன இல்ல?"

"நம்ம கேட்டுத் துரு உள்ளேருந்து வந்த துரு. உங்க துரு மேல அப்புன துரு. கொழம்பு சிந்துன மாதிரி இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. ஹைதராபாத்துக்காரன் சாம்பார் என்றான், இவள் குழம்பு என்கிறாள். இருவரும் சொல்லிவைத்துக்கொண்டு பேசுகிறார்களோ என்றுகூடச் சந்தேகம் வந்தது.

"உள்ள என்ன இருக்குன்னு பாக்காம மேலாப்புல பாத்துச் செஞ்சா அப்படித்தான் இருக்கும். ஒரு எடத்துல லேசா சுரண்டிப் பாருங்களேன்."

"உப்புத்தாள் வேணுமே?"

"பிரிட்ஜ் மேல இருக்கு."

பிரிட்ஜ் மேல் உப்புத்தாள் எப்படி வந்தது என்று ஒரு மனிதன் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. கலைஞனுக்கு ஏது அந்தப் புத்தி?

ஒரு கம்பியைச் சுரண்டினேன். அடடா! துருவுக்குக் கீழே பழைய பச்சைப் பெயிண்ட். அதற்குக் கீழே செங்காவி பிரைமர். அதற்கும் கீழே பளபளவென்று இரும்பு. துரு, பெயிண்டின் விளிம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளிருந்து வெளியே வந்திருந்தது. நான் இத்தனை நாளும் மேலே பூசிக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில் கத்திவிட்டேன். ஜெபசுதா தானே செல்போனை வாங்கி ஒவ்வொரு அடுக்கையும் போட்டோ எடுத்துக் கொடுத்தாள்.

"இது வெயில் பக்கத்துக் கம்பி. நெழல் பக்கம் வேற மாதிரி இருக்குமோ?"

நியாயமான கேள்வி. நிழல் பக்கம் சுரண்டினேன்.

"கீல் கிட்ட கறுப்பா இருக்கே, அதுக்குள்ள என்ன இருக்கும்?"

கீலைச் சுரண்டினேன்.

"நடுவுல பூவேல இருக்கே, அந்த இடுக்குல?"

விரலை விட்டுச் சுரண்டினேன். வியாழக்கிழமை முழுவதும் சுரண்டுவேன், மாடிக்கு ஓடுவேன், படத்தில் சேர்ப்பேன், இறங்கி வந்து மறுபடி சுரண்டுவேன். முழங்கை கழன்றுவிட்டது. நடுநடுவே எலுமிச்சை ஜூஸ் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து என் தொழிலில் அவள் இவ்வளவு அக்கறை காட்டியதில்லை. எனக்குக் கண்ணே கலங்கியது.

வெள்ளிக்கிழமை காலையில் படத்தை அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் பதில்: "அருமை! இனி எல்லாத் துருவும் உங்களுக்குத்தான்." குதித்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வாசலுக்கு ஓடினேன்.

"ஏளா சுதா! துரு பாஸாயிட்டு!"

ஜெபசுதா கேட்டருகே நின்றாள். கேட்டை அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். மேலே மஞ்சள் இல்லை. நடுவே செம்மண் இல்லை. மருந்துக்கும் ஒரு பொட்டுத் துரு இல்லை. சாமான் விளக்கிய மாதிரி மின்னியது.

"ஏளா, துரு எங்க?"

"உங்க கம்ப்யூட்டர்ல. பத்திரமா வச்சுக்கோங்க."

"அப்ப இவ்வளவு நாளும் நான் செஞ்சது?"

"சுரண்டுறதுதானங்க பெரிய வேல. அது முடிஞ்சிட்டு. இந்தக் காத்துல இதுக்கு மேல விட்டா திரும்பப் பிடிச்சிரும். சட்டுன்னு பிரைமர அடிங்க." காலடியில் டப்பாவும் பிரஷும் தயாராக இருந்தன.

என்னிடம் ஒரே ஓர் ஆயுதம் பாக்கி இருந்தது. "கலர் இன்னும் முடிவாகலியே!"

"மயில் நீலம். போன வாரமே வாங்கிட்டேன்."

"பின்ன எதுக்கு அத்தன கலர் போடச் சொன்ன?"

"நீங்க ஆசையா காட்டினிய. பாத்தேன்."

கோபப்படலாம் என்று பார்த்தேன். வழியில்லை. வேலை கையைவிட்டுப் போகாமல் நின்றதே அவளால்தான். நன்றி சொல்லலாம் என்றால் அதற்கும் மனசு வரவில்லை. பிரஷை எடுத்தேன்.

சனிக்கிழமை சங்கம் கூடியது. வெள்ளையாக வந்தவர்கள் வெள்ளையாகவே திரும்பினார்கள். கூட்டம் கலைந்ததும் தட்டு நிறைய முந்திரிக்கொத்தோடு ஜெபசுதா மாடிக்கு வந்தாள். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"நீங்க துருவ எப்படியெல்லாம் ஆராய்ச்சி பண்ணினியன்னு கூட்டத்துல எடுத்துச் சொன்னேன். எல்லாரும் அசந்துட்டாவ. இப்படி ஒரு மாப்பிள்ள யாருக்குக் கெடைக்கும்னு தேவகனி அக்கா வாய்விட்டே சொல்லிட்டாவ."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஊர் என் கலையைப் புரிந்துகொண்டிருக்கிறது.

"அவிய கேட்டுலயும் ரொம்ப அபூர்வமான துரு இருக்காம். ரெக்சன் அண்ணன் தொட மாட்டேங்காவளாம். திங்கக்கெழம வந்து ஆராய்ச்சி பண்ணுவியன்னு சொல்லிட்டேன். செவ்வாய்க்கெழம தலைவி வீட்டு ஜன்னல் கம்பி. புதன்கிழம பாஸ்டரம்மா வீட்டு மாடிப்படிக் கைப்பிடி, மூணு மாடி. மத்தியானச் சாப்பாடு அங்கனயே."