வரிசையில் முளைத்த கோரை

இந்த வீட்டில் இனி ஒன்று நான் இருக்க வேண்டும், இல்லை கோரைப்புல் இருக்க வேண்டும். பல் துலக்கியபடியே இந்தச் சபதத்தை எடுத்தேன். வாய் நிறைய நுரை. என் மனைவிக்குப் பாதிதான் புரிந்தது.

"என்னங்க, யாரு வீட்டை விட்டுப் போகணும்?"

"கோரை! கோரை!"

"ஓ, அதுவா," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

சந்தேகப்படுவது என் பிழைப்பு. கணக்குத் தணிக்கை செய்கிறேன். ஆபீஸில் என் கண்ணில் மண்ணைத் தூவ ஒருவன் இனிமேல்தான் பிறந்து வர வேண்டும்.

சபதத்துக்குக் காரணம் ஒரு நாற்காலி. கடைத்தெருவில் பார்த்து வைத்திருந்தேன். பக்கத்துப் பிடியை இழுத்தால் முதுகு சாயும், கால் தானாக உயரும். டாக்டர் என்னை நடக்கச் சொன்ன நாளிலிருந்து எனக்கு உட்காரும் ஆசை பேயாகப் பிடித்திருந்தது. மனைவியும் மறுக்கவில்லை. "தோட்டத்துல ஒரு களைகூட இல்லாம பண்ணுங்க. மறுநாளே வாங்கிடலாம்," என்றாள்.

ஞாயிறுதோறும் குனிந்தேன். கொத்தினேன். கிழங்கோடு பிடுங்கினேன். வெந்நீர் ஊற்றினேன். வாய்விட்டுத் திட்டியும் பார்த்தேன். அடுத்த வாரமே பச்சைப் பசேலென்று நிற்கும். தோட்டம் முழுக்கக் களை, என் முகத்தில்தான் களையே இல்லை. போதாக்குறைக்கு பேண்ட் வேறு இடுப்பில் நிற்காமல் நழுவியது. தைத்தது பக்கத்து வீட்டு டெய்லர். வேண்டுமென்றே அளவை மாற்றியிருப்பார் என்று அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு ரோஜாச் செடிக்குப் பின்னால் பார்த்தேன். கோரை வரிசையாக முளைத்திருந்தது. சாணுக்கு ஒன்று, நூல் பிடித்தாற்போல. களைக்கு வரிசையில் நிற்கிற ஒழுக்கம் எங்கிருந்து வந்தது? அளவெடுத்துக் கோடு போடுவது யார் தொழில்? விடுவேனா! மதிலுக்கு மேல் எட்டிக் கூப்பிட்டேன்.

"என்ன டெய்லர், கடையில வேலை கம்மியோ? மண்ணுல எல்லாம் கோடு போடுறீங்க?"

"என்ன சார் சொல்றீங்க?"

"இங்க எட்டிப் பாருங்க."

பார்த்தார். முகம் மாறியது. மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன்.

"சார், இதை நான் உங்களைக் கேக்கணும்னு இருந்தேன்! எங்க தோட்டத்துலயும் இப்படியேதான் வரிசையா வருது. நீங்கதான் நடுறீங்கன்னு வீட்டுல அடிச்சுச் சொன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"'இருக்கும், இருக்கும். அந்த மனுஷன் முழியே சரியில்ல'ன்னா."

"அட! எங்க வீட்டுல உங்க முழியைப் பத்தி அதேதானே சொன்னா!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவரும் ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

மறுநாள் வேலைக்குக் கிளம்புவதுபோல் கிளம்பி, தெருமுனையில் சேர்ந்து, பின்பக்கமாகத் திரும்பி வந்தோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கினோம். முன்பெல்லாம் என் வயிறு ஒன்றுக்கே அந்த இடம் பற்றாது. அன்று இரண்டு பேருக்கும் தாராளமாக இருந்தது. ஏன் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

கதவு திறந்தது. என் மனைவி வாளியோடு வந்தாள். வாளியில், நேற்று நான் வேர்வை சிந்தப் பிடுங்கிய கோரைக்கிழங்கு! மதிலுக்கு மேல் டெய்லர் மனைவியின் தலை தெரிந்தது.

"அக்கா, எங்களுது இந்தத் தடவை சரியா முளைக்கல. நல்ல கிழங்கா நாலு குடுங்களேன்."

"இந்தா, எடுத்துக்கோ. எங்க வீட்டுக்காரர் புடுங்கினா வேர் அறுபடாது. நட்டதும் தண்ணி ஊத்திடு."

"சார்," என்றார் டெய்லர் ஈனஸ்வரத்தில், "நம்ம சம்சாரங்க சார்."

நான் பாய்ந்தேன். "கையும் களவுமா பிடிச்சேன்!"

அவள் திடுக்கிடவே இல்லை. "ஆபீஸ் போகலையா?"

"பேச்சை மாத்தாத! ஏன்டி இந்தத் துரோகம்?"

"டாக்டர் நடங்கன்னாரு. நடந்தீங்களா? குனிஞ்சு நிமிருங்கன்னாரு. செஞ்சீங்களா? நாற்காலி ஆசை காட்டினதும் குனிஞ்சீங்க. பேண்ட் ஏன் நழுவுதுன்னு நெனச்சீங்க?" அவள் குரல் கம்மியது. "அன்னைக்கு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தீங்களே, எனக்குப் பாதி உசுரு போயிடுச்சுங்க."

அவள் கையிலிருந்த வாளியை வாங்கிக் கீழே வைத்தேன். ஆனாலும் நாற்காலி நாற்காலிதானே?

"அதெல்லாம் சரி. களையை நட்டது நீ. அதனால ஜெயிச்சது நான். நாற்காலி என்னாச்சு?"

"வாங்கிட்டாப் போச்சு," என்றாள்.

இவ்வளவு சுலபமாகவா? சந்தேகம் தலையெடுத்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, சந்தோஷத்தில் அதைத் தட்டி உட்கார வைத்தேன்.

சனிக்கிழமை நாற்காலி வந்தது. தூக்கி வந்த ஆள் "எங்கம்மா போடணும்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பதில் சொல்லிவிட்டாள்.

"தோட்டத்துல போடுங்க. அந்த மர நிழல்ல."

நல்ல நாற்காலி. பிடியை இழுத்தால் முதுகு சாய்கிறது, கால் தானாக உயர்கிறது. இதோ, இந்த ஞாயிறும் அதில் சொகுசாகச் சாய்ந்துகொண்டு என் மனைவி சொல்கிறாள்: "ஏங்க, அந்த மூலையில ஒண்ணு விட்டுட்டீங்க பாருங்க. நல்லாக் குனிங்க!"