ஹொனொலுலு மாலையும் இரு கழுத்துத் தீர்மானமும்

நீதி எங்கே பிறந்தது என்று ஆராயப் புகுந்த அறிஞர்கள் கிரேக்கம் என்றனர், உரோமாபுரி என்றனர், ஏடுகளைப் புரட்டிக் கண் கெட்டனர். புதுச்சேரிக்கு ஒரு நடை வந்து 'குலநெறிக் காப்புச் சங்க'த்தின் கதவைத் தட்டியிருந்தால், நீதி தேவதை கூடத்து மூலையில் கண்ணைக் கட்டிக்கொண்டு, காப்பிக்குக் காத்திருப்பதைக் கண்டிருப்பார்கள். அவள் தானாகக் கட்டிக்கொள்ளவில்லை, சங்கத்தார்தாம் கட்டிவிட்டனர் என்று சில விஷமிகள் சொல்வதுண்டு. விஷமிகளின் பேச்சு நமக்கெதற்கு?

சங்கத்தின் தலைவர் திருவாளர் சாமிக்கண்ணு. பெயரில் சாமியும் உண்டு, கண்ணும் உண்டு. ஆகவே அவர் பார்த்தது சாமி பார்த்தது என்றே கொள்ளப்பட்டது. பிரெஞ்சுக் கொடி இறங்கி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆட்சி மாறிற்று, அலுவலகப் பலகைகளில் எழுத்து மாறிற்று, சங்கத்தின் நாற்காலி வரிசை மட்டும் ஓர் அங்குலம் நகரவில்லை.

அவருடைய நடுநிலைக்கு ஒரே ஒரு சான்று போதும். மூன்றாண்டுகளுக்கு முன் அவருடைய சொந்த மகன் வடிவேல், தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் கூறுகிற வீட்டுப் பெண்ணான அஞ்சலாட்சியை, புரோகிதர் இன்றி, அக்கினி இன்றி, இருநூறு பேர் பார்க்க மாலை மாற்றி மணந்துகொண்டான். மகனாயிற்றே என்று தந்தை மயங்கினாரா? இல்லை. அன்றே சங்கத்தைக் கூட்டினார். "மாலை என்பது பூவும் நாரும்; அது மனைவியைத் தராது" என்று தீர்ப்புரைத்தார். அன்று முதல் அந்த இருவரும் மூன்று தெரு தள்ளிக் குடியிருந்தார்கள். அஞ்சலாட்சி எதிரே வந்தால் தலைவர் வீதியின் மறுபக்கம் போய்விடுவார். அந்த மறுபக்கத்தில் சாக்கடை ஓடியது. கொள்கைக்காக அதையும் பொறுத்துக்கொண்டார்.

இத்தகைய மாமனிதருக்கும் ஒரு மனக்கவலை வந்தது. மகள் சந்திரகலாவுக்குக் கோவிந்தராசு என்ற மாணவனை நிச்சயம் செய்திருந்தார். பையன் கரும்புச் சாகுபடி பயில உதவித்தொகை பெற்று அமெரிக்காவுக்குக் கப்பலேறினான். வழியனுப்பு விழாவில் தலைவர் ஒரு மணி நேரம் பேசி, "என் மருமகன்" என்ற சொல்லைப் பதினேழு முறை பயன்படுத்தினார். ஆனால் கப்பல் புறப்பட்டு ஒரு மாதம் ஆகுமுன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற 'சொல்தா' ஒருவரிடமிருந்து பெண் கேட்டு ஆள் வந்தது. சொல்தாவுக்கு வயது நாற்பத்தாறு. மூன்று பற்கள் வரலாறாகிவிட்டன. ஆனால் பென்ஷன் பாரிசிலிருந்து வந்தது. மாப்பிள்ளை மறைந்தாலும் பென்ஷன் மறையாது என்று தரகர் விளக்கியபோது, தலைவரின் உள்ளத்தில் கரும்பு கசந்தது.

நிச்சயித்ததை முறிப்பது நெறியன்று. நெறி காப்பவரே முறிக்கலாமா? என்ன வழி என்று ஏங்கிக்கொண்டிருந்த வேளையில், தபால்காரர் ஹொனொலுலுவிலிருந்து ஓர் உறையைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"அன்புள்ள மாமா அவர்களுக்கு" என்று தொடங்கியிருந்தான் கோவிந்தராசு. "கப்பல் ஹவாய்த் தீவில் ஒரு பகல் நின்றது. கரும்புத் தோட்டம் ஒன்றைப் பார்த்தேன். நம் உழவர்கரைக் கரும்பு அதன் முன் சோளத்தட்டை. துறையில் இறங்குகிற எல்லோருக்கும் பூமாலை போட்டு வரவேற்பது இவ்வூர் வழக்கம். யார், எந்த நாடு, என்ன குலம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கழுத்து இருந்தால் போதும் போலிருக்கிறது. அங்கேயே படம் பிடித்து விற்றார்கள். ஒன்று அனுப்பியுள்ளேன், சந்திரகலாவிடம் காட்டவும்."

படத்தில் கோவிந்தராசு கோட்டுப் போட்டு, மார்பு வரை மாலை தொங்க, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் வாட்டசாட்டமான ஓர் அம்மையார். அவர் கழுத்திலும் மாலை. அவர் கை அவன் தோளில். பின்னால் மங்கலாக ஒரு கூட்டம்.

தலைவர் படத்தைப் பார்த்தார். பிறகு கண்ணில் ஒற்றிக்கொண்டார். சந்திரகலாவிடம் காட்டவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மாலையைப் பற்றிய கூட்டம் மாலையில் கூடுவதே முறை என்பதால், ஐந்து மணிக்குத் தலைவர் வீட்டுக் கூடத்தில் சங்கம் கூடியது. செயலாளர் நாராயணசாமி நடவடிக்கைக் குறிப்பை 'புரோசே வெர்பால்' என்றுதான் சொல்வார். சொல்ல மட்டுமே தெரியும், அவர் எழுதியதை அவராலேயே படிக்க முடியாது. ஆகவே பள்ளிப் படிப்பை முடித்த சந்திரகலாவே குறிப்பேட்டை எழுதி வந்தாள். தன் திருமணத்தின் மீது நடக்கும் விசாரணையைத் தானே எழுதும் பேறு எந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும்!

"ஹவாயின்றது சைகோனுக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா?" என்று விசாரணையைத் தொடங்கிவைத்தார் மூத்த உறுப்பினர் ஜானகிராமன். இருபது ஆண்டுகள் சைகோனில் இருந்தவர். உலகத்தை அங்கிருந்துதான் அளப்பார்.

செயலாளர் பழைய பள்ளிக்கூட வரைபடம் ஒன்றை விரித்தார். அவர் விரல் பசிபிக் மாக்கடலில் நெடுநேரம் நீந்தி, ஓர் ஓட்டையில் போய் விழுந்தது.

"இங்கதாங்க இருக்கணும்."

"ஓட்டையா இருக்குதே?"

"பூச்சி அரிச்சிடுச்சுங்க. ஊரு இருந்த எடம் இதான்."

சந்திரகலா தலை நிமிர்ந்தாள். "ஹவாய்னு எழுதட்டுமாப்பா, ஓட்டைன்னு எழுதட்டுமா?"

"ஹவாய்னு எழுது. வாயை மூடிக்கினு எழுது."

அடுத்து நிபுணர் சாட்சி. கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அன்வருதீன் அழைக்கப்பட்டிருந்தார். பூதக்கண்ணாடியால் படத்தை மேலும் கீழும் நோக்கி, "வெளிச்சம் நல்லா வுழுந்திருக்குது" என்றார்.

"வெளிச்சம் கெடக்கட்டும் பாய். இது கல்யாணமா, இல்லியா?" என்றார் தலைவர்.

"மாலை போட்டதெல்லாம் கல்யாணம்னா எப்படிங்க? போன வருஷம் பள்ளிக்கூட ஆண்டு விழாவுல ஒங்களுக்கு அந்தப் பெரிய டீச்சரம்மா மாலை போட்டாங்களே, நான்தானே படம் புடிச்சேன். அது இன்னா கணக்குங்க? நெகட்டிவ் கூட இருக்குது."

அடுக்களையில் தாளிக்கும் ஓசை திடீரென்று நின்றது. அங்கிருந்து தலைவரின் மனைவியார் கதவு வரை வந்து நின்றதைச் சங்கம் குறிப்பில் ஏற்றவில்லை. தலைவர் மனத்தில் ஏற்றிக்கொண்டார்.

சாதாரண மனிதர் இங்கே சரிந்திருப்பார். நம் தலைவரோ, நெற்றி வியர்வையைத் துண்டால் துடைத்த அந்த ஒரு கணத்தில், சட்ட வல்லுநர் நூறாண்டு முயன்றும் காணாத நுட்பம் ஒன்றைக் கண்டார்.

"டீச்சரம்மா கழுத்துல மாலை இருந்துச்சா?"

"இல்லீங்க."

"உரக்கச் சொல்லு பாய், அடுக்களை வரிக்கும் கேக்கணும். இருந்துச்சா?"

"இல்லவே இல்லீங்க!"

"பாத்தீங்களா? ஒரு கழுத்துல இருந்தா அது மரியாதை. ரெண்டு கழுத்துலயும் இருந்தாத்தான் கல்யாணம். இந்தப் படத்துல எத்தினி கழுத்து?"

"ரெண்டு!" என்று சங்கம் ஒரே குரலில் எண்ணியது. அடுக்களையில் மறுபடி கடுகு வெடித்தது.

இவ்வாறு பிறந்ததுதான் புகழ்பெற்ற தீர்மானம் எண் முப்பத்தொன்று: 'சாட்சிகள் முன்னிலையில் ஓர் ஆணின் கழுத்திலும் ஒரு பெண்ணின் கழுத்திலும் மாலை காணப்படின், புரோகிதரும் அக்கினியும் மந்திரமும் இருப்பினும் இல்லாவிடினும், அது திருமணமே. ஆதலின் கோவிந்தராசு மணமானவன். சந்திரகலாவுக்குச் செய்த நிச்சயம் செல்லாது.' எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஜானகிராமன் இரு கைகளையும் உயர்த்தினார். சோம்பல் முறித்தார் என்போரும் உளர்.

"புதன்கிழமை சொல்தா வூட்லேர்ந்து வெத்தலை பாக்கு மாத்த வராங்க" என்று தலைவர் நிறைவாகச் சொன்னார்.

சந்திரகலாவின் பேனா நின்றது. படத்தை இப்போதுதான் அவள் முதன்முறையாகப் பார்த்தாள். கோவிந்தராசுவின் சிரிப்பைப் பார்த்து அவளுக்கும் சிரிப்பு வந்தது; உதட்டைக் கடித்துக்கொண்டாள். கப்பலேறும் முன்பு, "ரெண்டு வருஷந்தான், இருப்பியா?" என்று அவன் கேட்டதும், "இருப்பேன்" என்று இவள் சொன்னதும் குறிப்பேட்டில் இல்லை.

"அந்தம்மாவுக்கு அறுவது வயசு இருக்கும்பா."

"நெறிமுறையில வயசுக்கு எடமில்லை."

"அது சொல்தாவைப் பாத்தாலே தெரியுது. பின்னால முப்பது பேரு மாலையோட நிக்கிறாங்களே, அவங்கள்ளாம் யாரு யாரைக் கட்டிக்கினாங்க?"

"அத அவங்க ஊரு சங்கம் பாத்துக்கும். நீ எழுது."

"எழுதறேன்பா. ஆனா இதை எழுதணும்னா தீர்மானம் பதினாலை அடிக்கணும். ரெண்டும் ஒரே நோட்டுல இருந்தா இடிக்கும்."

"அது இன்னாது பதினாலு?"

அவள் ஏட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். தன் கையெழுத்துத்தான், மூன்றாண்டு இளைய கையெழுத்து. அழுதுகொண்டே எழுதியதால் இரண்டு இடத்தில் மை கரைந்திருந்தது. நிறுத்தி நிதானமாகப் படித்தாள்:

"'வடிவேல் என்பவர் அஞ்சலாட்சி என்பவளுடன், இருநூறு பேர் முன்னிலையில், மாலை மாற்றிக்கொண்டது திருமணம் ஆகாது. மாலை என்பது பூவும் நாரும். மேற்படி அஞ்சலாட்சியைத் தலைவரின் மருமகள் என எவரும் அழைக்கலாகாது.' சாட்சி இருக்குது, ஆண் இருக்குது, பெண் இருக்குது. கழுத்து ரெண்டு. எண்ணிப் பாத்துட்டேன்."

சங்கத்தார் தத்தம் விரல்களை எண்ணிப் பார்த்தனர். அன்வருதீன் மட்டும், "அந்தக் கல்யாணத்துக்கும் நான்தாங்க படம் புடிச்சேன்" என்றார், எவரும் கேட்காமலே.

"மாலை கல்யாணம்னா, அஞ்சலாட்சி இந்த வூட்டு மருமவ. இன்னிக்கே ஆரத்தி கரைக்கணும். கல்யாணம் இல்லேன்னா, கோவிந்தராசு கட்டாத ஆளு. எனக்குப் பண்ண நிச்சயம் நிக்கும். ரெண்டுல எதப்பா எழுதட்டும்?"

செயலாளர் நாராயணசாமிக்கு ஆபத்துக் காலத்தில்தான் அறிவு சுடர்விடும். "தலைவரே, கடலுக்கு அந்தாண்ட போட்ட மாலை செல்லும், இந்தாண்ட போட்டது செல்லாதுன்னு ஒரு வரி சேத்துப்புட்டா?"

"ஆகா!" என்றார் தலைவர்.

"எந்தக் கரையிலேர்ந்து பாத்து?" என்றாள் சந்திரகலா. "ஹவாய்க்காரங்களுக்கு நாமதானே கடலுக்கு அந்தாண்ட?"

"பொண்ணு சொல்றது வாஸ்தவம்தான்" என்று ஜானகிராமன் தலையாட்டினார். "சைகோன்ல இருந்தப்ப நாங்க புதுச்சேரியைத்தான் அந்தாண்டன்னு சொல்லுவோம்."

"ஒம்ம சைகோனைத் தூக்கிக் கடல்ல போடும்!" என்று தலைவர் இரைந்தார்.

பிறகு கண்ணை மூடினார். மூடிய கண்ணுக்குள் இரண்டு காட்சிகள். ஒன்றில், பாரிசு நகரத்துப் பென்ஷன் கப்பலேறி, கையசைத்து, கரை மறைந்து போய்க்கொண்டிருந்தது. மற்றொன்றில், தேங்காய்த்திட்டுப் பெண் ஒருத்தி வலது காலை எடுத்துவைத்து இவர் வீட்டு நிலைப்படியைத் தாண்டிக்கொண்டிருந்தாள். தலைவர் இரண்டையும் நிறுத்துப் பார்த்தார். நாட்டிலே தியாகிகள் பலர் உண்டு; சிறை சென்றோர் உண்டு, செல்வம் இழந்தோர் உண்டு. ஒரு பெண் உள்ளே வராதிருக்கும் பொருட்டு ஓர் அயல்நாட்டுப் பென்ஷனையே துறந்தவர் இவர் ஒருவரே.

"செல்லாது" என்றார். "முப்பத்தொண்ணை அடி. எந்த ஊரு மாலையும் செல்லாது. பூவும் நாரும்."

சந்திரகலா முப்பத்தொன்றின் மீது ஒரு கோடு இழுத்தாள். அவள் வென்றுவிட்டாள். புதன்கிழமை வெற்றிலை வராது, இரண்டு ஆண்டில் கோவிந்தராசு வருவான். ஆனாலும் அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. அவள் கோடு இழுக்க விரும்பியிருந்தது பதினான்கின் மீது.

"சரிப்பா. அப்ப அவர் திரும்பி வந்ததும் நாங்க ரெண்டு பேரும் மாலை மாத்திக்கிறோம். சங்கம் தடுக்க முடியாது. அதுதான் கல்யாணமே இல்லியே, வெறும் பூவும் நாரும்தானே? அத எடுத்துக் குடுக்க அண்ணியைக் கூப்பிடப் போறேன்."

"எந்த அண்ணிடீ?"

"நோட்டுல இல்லாத அண்ணி."

பெரிய மனிதர்கள் மறுமொழி சொல்வதில்லை, கையொப்பம் இடுவார்கள். தலைவர் பிரெஞ்சு எழுத்தில், மூன்று சுழியும் ஒரு வாலுமாகக் கையொப்பமிட்டு, சங்கம் கலைந்ததாக அறிவித்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். உறுப்பினர்கள் காப்பி வராததை உணர்ந்து எழுந்தார்கள்.

கூடம் காலியான பிறகு, சந்திரகலா கோவிந்தராசுவின் கடிதத்தை எடுத்து, என்ன குலம் என்று ஒருவரும் கேட்கவில்லை, கழுத்து இருந்தால் போதும் என்று அவன் எழுதிய இடத்தை மறுபடி ஒருமுறை படித்தாள். பின்பு ஏட்டைத் திறந்து, தந்தையின் கையொப்பத்துக்குக் கீழே மிஞ்சியிருந்த ஒற்றை வரியில், அழகான எழுத்தில், மை கரையாமல் எழுதி முடித்தாள்:

'மாலையின் மீது குற்றம் ஏதும் இல்லை எனக் காணப்பட்டது. மூன்றாண்டுகளாக இச்சங்கம் விசாரித்து வந்தது கழுத்தை.'