தாழ்ப்பாள் இரண்டாம் கட்டத்தில்

பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள் ஒரு வகை. பள்ளிக்கூடத்தை முன்னேற்றுகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினரின் கையில் சாக்பீஸ் தூள் ஒட்டியிருக்கும், எளிதில் அடையாளம் கண்டுவிடலாம். நாம் பார்க்கப்போவது இரண்டாம் வகை. இவர்களுக்குத் தலைநகரில் அலுவலகம் உண்டு, அலுவலகச் சுவரில் மாநிலத்தின் வரைபடம் உண்டு, வரைபடத்தில் பல நிறக் குண்டூசிகள் உண்டு, ஒவ்வொரு குண்டூசிக்கு அடியிலும் ஒரு பள்ளிக்கூடம் குத்துப்பட்டுக் கிடக்கும். பழுதான பொருளைக் கண்டால் நீங்களும் நானும் சரிசெய்யப் பார்ப்போம். இவர்கள் அதற்கு ஒரு பெயர் வைப்பார்கள்.

நம்பவில்லையா? மேம்பாடு மேடத்தைப் பாருங்கள். பள்ளி மேம்பாட்டுத் துறையில் இணை இயக்குநர்; பேச்சுக்குப் பேச்சு மேம்பாடு என்றதால் ஆசிரியர்கள் வைத்த பெயர் அது. கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளைகள்மேல் அவருக்கு இருக்கும் அக்கறை நடிப்பு இல்லை. ராத்தூக்கத்தில்கூடத் திட்டம் தீட்டுகிறவர். அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவு சரியாக மூடாது. அதற்கு ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்கள். மாநிலத்தையே தூக்கி நிறுத்தப் பார்க்கிறவருக்கு ஃப்ரிட்ஜைக் கவனிக்க நேரம் ஏது?

மேடத்தின் திட்டங்களிலேயே செல்லப்பிள்ளை, மற்ற பள்ளிகள் பார்த்துக் கட்டுவதற்கான மாதிரிக் கழிப்பறை. ஒரு பெண்கள் பள்ளியைத் தேர்ந்தெடுத்து, பழைய கழிப்பறையை இடித்து, வழுக்காத தரை, நல்ல தண்ணீர், காற்றோட்டம், பளிச்சென்று நீலக் கதவு என்று பார்த்துப் பார்த்துக் கட்டி, ரிப்பன் வெட்டி, படம் எடுத்து, அந்தப் படத்தை மாநிலம் முழுக்க அனுப்பியாகிவிட்டது. தாழ்ப்பாள் மட்டும் இல்லை. மறதி என்று நினைத்தீர்களா? கதவு முதல் கட்டம், தாழ்ப்பாள் இரண்டாம் கட்டம். முதல் கட்டம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகுதான் இரண்டாம் கட்டத்துக்கு ஒப்புதல் கிடைக்கும்.

தலைமையாசிரியை பொறுத்துப் பார்த்தார். பிறகு கைக்காசில் ஒரு தாழ்ப்பாள் வாங்கி மாட்டினார். மாதிரி வடிவமைப்பில் அனுமதியின்றி மாற்றம் செய்ததற்கு விளக்கம் கேட்டு வந்தது ஓலை. கழற்றச் சொன்னதோடு விடவில்லை, திருகாணி போட்ட துளைகளையும் அடைக்கச் சொன்னார்கள். அவரும் அடைத்தார்.

அதனால் பெண்கள் ஜோடி ஜோடியாகப் போனார்கள். ஒருத்தி உள்ளே, ஒருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு. பத்தாம் வகுப்பில் வாட்டசாட்டமாக ஒரு பெண் இருந்தாள். வேடிக்கை பார்த்துக் கைவிட மாட்டாள், அவசரப்படுத்த மாட்டாள், பிடித்தால் உடும்புப்பிடி. எல்லாரும் அவளையே கூப்பிட்டார்கள், தாழ்ப்பாள் என்றே அவளுக்குப் பெயரும் வைத்தார்கள். மதிய இடைவேளையில் வரிசை முடியாது. மணி அடித்த பிறகும் நீளும். மணி அடித்ததும் வருவது கணக்கு. தாழ்ப்பாள் வகுப்புக்குள் நுழையும்போது கணக்கு டீச்சர் பலகையை அழித்துக்கொண்டிருப்பார். பத்தாம் வகுப்பில் கணக்கில் தேறாமல் போனால் சித்தியின் துணிக்கடையில் நிற்க வேண்டியதுதான் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். இங்கே கதவோரம் நிற்பது போதாதென்று அங்கேயும் போய் நிற்க அவளுக்கு விருப்பமில்லை.

இதற்கிடையில் தலைநகரில் கணினி ஒன்று கண்டுபிடித்தது: மாதிரிப் பள்ளியில் பெண்கள் கணக்கு வகுப்பிலிருந்து இரண்டிரண்டு பேராகக் காணாமல் போகிறார்கள். வல்லுநர்கள் கூடினார்கள், தேநீர் குடித்தார்கள், மண்டையை உடைத்துக்கொண்டார்கள். தோழிகள் ஒருவரையொருவர் கணக்கிலிருந்து இழுத்துச் செல்கிறார்கள் என்று முடிவானது. உடனே பிறந்தது 'கணக்கே என் தோழி' என்ற திட்டம். அதற்கு ஒரு பாட்டு, ஓர் உறுதிமொழி, வாசலில் வைக்க ஒரு பலகை. பெண்கள் பாட்டைப் பாடினார்கள், உறுதிமொழி எடுத்தார்கள், ஜோடி ஜோடியாகப் போய்க்கொண்டும் இருந்தார்கள்.

என்னதான் நடக்கிறது என்று பார்க்க மேடமே நேரில் வந்தார். வழியில் பார்த்த பள்ளிகளிலெல்லாம் மரியாதைக்குத் தேநீர் கொடுத்திருந்தார்கள். எதையும் மறுத்துப் பழக்கமில்லாதவர் அவர். தலைமையாசிரியை அறையில் உட்கார்ந்த சிறிது நேரத்திலேயே நெளிய ஆரம்பித்தார். ஆசிரியர்களின் கழிப்பறையில் பழைய திட்டங்களின் பலகைகளை அடுக்கி வைத்திருந்ததால் உள்ளே கால் வைக்க இடமில்லை. மிச்சமிருந்தது மாதிரிக் கழிப்பறைதான். தலைமையாசிரியை தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அங்க தாழ்ப்பாள் கிடையாது மேடம். யாராவது கதவப் பிடிச்சுக்கணும்."

"பரவால்ல, யாரையாவது வரச் சொல்லுங்க. சீக்கிரம்."

யாரை வரச் சொல்லியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டுமா? அன்று அதிசயமாக அவள் நேரத்தோடு வகுப்பில் உட்கார்ந்திருந்தாள், பலகையில் இன்னும் முதல் வரிகூட விழவில்லை. பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்து வந்தாள் தாழ்ப்பாள்.

மேடத்துக்கு எந்த இடத்திலும் கடமை மறக்காது. உள்ளே இருந்தபடியே விசாரணையைத் தொடங்கினார்.

"வெளிய யாரும்மா?"

"பத்தாம் வகுப்பு, மேடம்."

"இப்ப உனக்கு என்ன பீரியட்?"

"கணக்கு."

குரலில் கண்டிப்பு ஏறியது. "கணக்கு கிளாஸ விட்டுட்டு இங்க எதுக்கு நிக்கற?"

"நீங்க உள்ள இருக்கீங்களே, மேடம்."

ஏறிய கண்டிப்பு இறங்கியது. பிறகு, கணக்கு கஷ்டமாக இருக்கிறதா என்று மெல்லக் கேட்டார்.

"தெரியல மேடம். நான் போறப்ப விடைதான் இருக்கும். கணக்கப் பாத்ததே இல்ல." பிடியைத் தளர்த்தாமலே அவள் சொன்னாள். "ஒரு தாழ்ப்பாள் போட்டாப் போதும், மேடம்."

இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? மேடத்துக்கும் புரிந்தது. வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது. கையைக் கழுவிவிட்டு அந்தப் பெண்ணின் தலையைத் தடவிக்கொடுத்தார், வெட்கப்பட்டார், உண்மையாகவே வெட்கப்பட்டார். திரும்பும் வழியில் ஓர் இரும்புக் கடை இருந்தது. வண்டி அதன் வாசலில் நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் கடை வருவதற்குள் மேடத்துக்கு ஒரு புதுத் திட்டத்துக்கான பெயர் கிடைத்துவிட்டது.

கதவுத் தோழி.

வகுப்புக்கு ஒரு கதவுத் தோழி, சட்டையில் குத்த நீல வில்லை, கதவு பிடிக்க ஒருநாள் பயிற்சி, ஆண்டு முடிவில் சான்றிதழ். உங்கள் பள்ளியில் பிறந்த யோசனை என்று பாராட்டித் தலைமையாசிரியைக்கு எழுதவும் செய்தார். அவர் அதைக் கணக்கு டீச்சரிடம் படித்துக் காட்டினார். கோபம் வந்தால் கணக்கு டீச்சருக்குக் கை சும்மா இருக்காது. அடுத்த விடுமுறை நாளில் தன் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டு வந்து பள்ளியில் மாட்டினார். கடையில் புதிதாக வாங்கினால் மினுமினுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். வீட்டுத் தாழ்ப்பாள் துருப்பிடித்துப் பிறவியிலிருந்தே அங்கே இருந்ததுபோல் கிடந்தது. மேலே கொஞ்சம் நீல வண்ணம் பூசியதும் கதவோடு கதவானது. அன்றிலிருந்து அவருடைய கணவர் குளிக்கும்போது உரக்கப் பாடுகிறார். உள்ளே ஆள் இருப்பது தெரிய வேண்டுமே.

மறுநாளிலிருந்து தாழ்ப்பாள் வகுப்பில் உட்கார்ந்தாள். கணக்கின் முதல் வரியைப் பார்த்தாள். அது பிடித்தும் போயிற்று. பிரமாதமாக இல்லாவிட்டாலும் நல்லபடியாகத் தேறினாள், சித்தி துணிக்கடைக்கு வேறு ஆள் தேடிக்கொண்டார். சொல்லும்போது எனக்கே சந்தோஷமாக இருக்கிறது. இங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் தலைநகரில் கணினி இருக்கிறதே. மாதிரிப் பள்ளியில் கணக்கு வகுப்பு வருகை விறுவிறுவென ஏறியிருப்பதை அது காட்டியது. எதனால்? கதவுத் தோழியால்தான், வேறெதனால்? மேடம் திரும்பவும் கண் கலங்கினார். தாழ்ப்பாள் இல்லாத நீலக் கதவும் கதவுத் தோழியுமாகத் திட்டம் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. முதல் கட்டமே இவ்வளவு அருமையாக வேலை செய்யும்போது இரண்டாம் கட்டம் எதற்கு என்று தாழ்ப்பாள் கோப்பை மூடிவிட்டார்கள். விழா மேடையில் மேடம் அந்தப் பெண்ணுக்குத் தன் கையாலேயே வில்லை குத்தினார். எல்லாம் உன்னால்தான் ஆரம்பித்தது என்றார். அவள் உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். தலைமையாசிரியை பலமாக இருமினார். இப்போது மாநிலத்தின் ஒவ்வொரு பெண்கள் பள்ளியிலும், கணக்கு வகுப்பு நடக்கும் நேரத்தில், வாட்டசாட்டமான ஒரு பெண் வில்லை குத்திக்கொண்டு நீலக் கதவைப் பிடித்தபடி நிற்கிறாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நமக்கென்ன, நாம் மேம்பாட்டுத் துறையா? ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம், அந்தக் குழாயைக் கொஞ்சம் இடப்பக்கம் அழுத்திக்கொண்டு திருப்ப வேண்டும் என்று எத்தனை வருடமாகப் பயிற்சி கொடுத்து வருகிறீர்கள்? ஆடுகிற நாற்காலியில் எப்படி உட்காருவதென்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்திருக்கிறீர்களா? அவர்கள் பழகிக்கொண்டதை நினைத்துக் கொஞ்சம் பெருமையும் பட்டீர்களா? அப்படியானால் எழுந்து போய் ஒரு சுற்றுப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர், தன் கணக்கை விட்டுவிட்டு, உங்களுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கக்கூடும்.