பெண் பார்த்த படம்

பார்த்ததைப் பார்த்தபடி வரைந்ததற்காக ஒரு மனுசனை இரண்டு ஊர் சேர்ந்து ஏசலாமா? நாற்பது வருசமாகக் கேட்கிறேன். ஒருத்தரும் பதில் சொன்ன பாடில்லை.

யுத்தத்துக்கு முந்தின காலம். பண்ணைப்புரத்தில் ஊரார் உட்காருவது, நிற்பது, சண்டை போடுவது எல்லாவற்றையும் தொட்டெழுதும் பேனாவாலும் கறுப்பு மையாலும் வரைந்து தள்ளிக்கொண்டிருந்தேன். (நான் பெரிய ஓவியன் என்று ஊரில் ஒரே ஓர் ஆள்தான் நம்பினான். அது நான்.)

காமயகவுண்டன்பட்டியில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பதினொரு பேர் போய்வந்தோம். வீடு திரும்பியதும் அந்தக் காட்சியை வரைந்து, அடியில் ஊர்ப் பெயரும் எழுதி, சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பிவிட்டேன். புத்தி எங்கே போனது என்று கேட்காதீர்கள்.

நிச்சயத்துக்கு நாலு நாள் இருக்கையில் படம் அச்சில் வந்தது. நான் வரைந்தது இரு வீட்டாருமாகப் பதினைந்து பேரை. அந்தப் பத்திராதிபர் பதினாலு பேரை வெட்டி எறிந்துவிட்டு, மடியில் அதிரசத் தட்டோடு வாயைத் திறந்திருந்த என் வருங்கால மாமனாரை மட்டும் போட்டிருந்தார். ஊர்ப் பெயரை மட்டும் வெட்டவில்லை.

மறுநாளே ஆள் வந்து சொன்னார். "சம்பந்தம் வேணாம்னுட்டாக."

வெட்டியது பத்திராதிபர், பழி எனக்கா? கொதித்துப்போய், என்னிடமிருந்த முழுப் படத்தின் நகலைச் சுருட்டிக்கொண்டு, தாய்மாமாவையும் கூட்டிக்கொண்டு பெண் வீட்டுக்கே நியாயம் கேட்கப் போனேன்.

"இங்கன பாருங்க. உங்களை மட்டுமா வரைஞ்சேன்? எல்லாருந்தான திங்கிறாக."

பெண்ணின் அப்பா குனிந்து பார்த்தார். "அதிரசத்தை வேட்டி மடிப்புல சொருகுறது யாரு?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாய்மாமாதான். அவர் முகம் கறுத்தது. "ஏலே, நான் எப்படா சொருகுனேன்?"

"நாலு, மாமா. நான் பார்த்தேன்."

அதுவரை முறைத்துக்கொண்டிருந்த இரண்டு பெரிய மனுசர்களும் அந்த நிமிசத்தில் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். "இந்த வெவரங்கெட்டவனை வச்சு எப்படித்தான் காலந்தள்ளுறீக?" என்று பெண்ணின் அப்பா கேட்க, மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். உள்ளதை உள்ளபடி வரைந்தவன் நான், ஆறுதல் அவர்களுக்கு.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து படத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் குரல் கேட்டது.

"எல்லாரும் இருக்காக. என்னையக் காணோமே."

மூன்று பேரும் படத்தில் தேடினோம். பெண் பார்த்த படத்தில் பெண் இல்லை.

"இவரு பொண்ணைப் பார்க்கவே இல்ல போலிருக்கு," என்று அவள் அப்பா முதல்முறையாகச் சிரித்தார்.

"இன்னொரு தடவை வந்து ஒழுங்காப் பார்க்கச் சொல்லுங்க," என்றது குரல்.

பார்த்தேன். அடுத்த மாதமே கல்யாணம்.

இன்றைக்கும் எங்கள் உறவில் எந்தப் பந்தியில் நான் போய் உட்கார்ந்தாலும், எதிர்வரிசையில் யாராவது, "சித்தப்பா வந்துட்டாக, வாயைத் தொடைங்கப்பா," என்பார்கள். வரிசையே துடைத்துக்கொள்ளும். அதில் முதல் ஆளாகத் துடைப்பது என் மனைவி.