மாப்பிள்ளை ஜீப்புக்கு மூடி தேடிய கதை

சொந்தமாக ஜீப் வைத்திருப்பது வேறு, ஓடுகிற ஜீப் வைத்திருப்பது வேறு. எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூரில் எங்கள் குடும்பம் முதல் ரகம். என் நைனா மிலிட்டரி ஏலத்தில் எடுத்த வண்டி அது. எந்த யுத்தத்தில் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. எங்களிடம் வந்த பிறகு நடந்த யுத்தம்தான் பெரியது என்பது என் அபிப்பிராயம். (நைனாவிடம் இதைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.)

அப்போது நான் பி.காம். முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். அதாவது சும்மா இருந்தேன். சும்மா இருப்பவனுக்கும் வீட்டில் ஒரு பதவி வேண்டுமே என்று, ஜீப்புக்கு நானே மெக்கானிக் என அறிவித்துக்கொண்டேன். ஸ்பேனரைப் பிடிக்கும் தோரணை எனக்கு நன்றாகவே வந்தது. பிடித்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் கொஞ்சம் தெளிவில்லை.

இந்த நிலையில் கமலா அக்காவுக்குத் தென்னேரியில் வரன் அமைந்தது. மாப்பிள்ளை வீட்டார் தங்கமானவர்கள். சீர், நகை எதிலும் கறார் கிடையாது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மட்டும் ஒரே ஓர் ஆசை.

"எங்க சைடுல எல்லா புள்ளைங்களும் மாப்பிள்ளை அழைப்புக்கு ஓப்பன் கார்லதான் வந்துக்கீறானுங்க. எம் பையன் மட்டும் நடந்து வந்தா நல்லாவா கீது, சம்பந்தி?"

நைனா யோசித்துப் பதில் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ஓப்பன் ஜீப்பே நம்ம வூட்ல கீது மாமா. நா ஓட்டறேன். கவலைய வுடுங்க."

நைனா என்னைப் பார்த்தார். ஜீப் அப்போது மாட்டுக்கொட்டகையில் நின்றுகொண்டிருந்தது. அதன் ஸ்டியரிங்கில் கோழி ஒன்று அடைந்திருந்தது.

கோளாறு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில். இன்ஜினில் ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்து அனுப்பும் கறுப்பு மூடி அது. உள்ளங்கையில் அடங்கிவிடும். வயதாகி நடுவில் விரிசல் விட்டிருந்தது. சைக்கிள் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைத் தடவிப் பார்த்தேன். இன்ஜின் ஒரு முறை இருமியது, பிறகு என்னை மதிப்பதை நிறுத்திவிட்டது.

மூடியை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு காஞ்சிபுரம் போனேன். கைவிரித்தார்கள். மெட்ராஸுக்குப் பஸ் ஏறிப் புதுப்பேட்டைக்குப் போனேன். அங்கே யானைக்குக்கூட ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கும் என்பார்கள். ஜீப்பின் பெயரைச் சொன்னதும் கடைக்காரர்கள் துக்கம் விசாரிப்பதுபோல் பேசினார்கள்.

"அது இன்னும் ஓடிக்கினு கீதா தம்பி?"

"ஓடல. அதான் வந்தேன்."

ஒருவர் மட்டும் தேடித் துழாவி ஒரு மூடியை எடுத்துத் துடைத்து நீட்டினார்.

"அண்ணே, இதுல ஆறு ஓட்டை கீதே. எங்க வண்டிக்கு நாலுதான்."

"நாலுக்கு நாலு கீதா இல்லியா? மீதி ரெண்டு உனக்கு லாபம். எடுத்துக்கினு போ."

பி.காம். படித்தவன் என்பதால் லாபம் என்ற சொல் கொஞ்சம் தடுமாற வைத்தது. நல்லவேளை, வாங்கவில்லை.

வெறுங்கையோடு ஊர் திரும்பிப் பஸ்ஸிலிருந்து இறங்கினால், ஊர்க்கோடியில் இருந்த டெண்டு சினிமாக் கொட்டகைப் பக்கம் ஓர் இருமல் கேட்டது. எனக்கு நன்கு பழக்கமான இருமல். ஓடிப்போய்ப் பார்த்தேன். கொட்டகைக்குப் பின்னால் கீற்றுச் சாய்ப்பின் கீழ், மரச்சட்டத்தில் எங்கள் ஜீப்பின் இன்ஜின் போலவே ஒன்று அதிர்ந்துகொண்டிருந்தது. லோ வோல்டேஜில் படம் ஓடாது என்பதால் அதை வைத்துத்தான் ஜெனரேட்டரைச் சுற்றினார்கள். அதைப் பார்த்துக்கொண்டவர் முனுசாமி அண்ணன்.

"வண்டி செத்துப்போச்சு தம்பி. இன்ஜின் மட்டும் சினிமாவுல சேந்துடுச்சு" என்றார்.

நான் விஷயத்தைச் சொல்லிக் கெஞ்சினேன். ஒரே ஒரு சாயங்காலம், அந்த மூடி மட்டும். முதல் ஆட்டத்துக்கு முன்னால் திரும்பிவிடும்.

"மூடி தனியா வராது. நானும் கூட வருவேன். இருட்றதுக்குள்ள திரும்பி, ஆட்டத்துக்கு ஜனத்தக் கூப்புட ரெக்கார்டு போடலன்னா மொதலாளி என் தோல உரிச்சுடுவாரு" என்றார்.

என் கணக்கு பிசகில்லாதது. ஊர்வலம் கிளம்பும் கோயிலிலிருந்து மண்டபம் கூப்பிடு தூரம். நாலு மணிக்குக் கிளம்பினால் வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் போய்விடலாம். ஆனால் அக்கா கல்யாணம் என்று நைனா பேர்போன நாதஸ்வர செட்டுக்குச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை ஊர்வலத்தில் வண்டி தானாகப் போகாது. மேளம் நகர்ந்தால்தான் வண்டி நகரும். மேளமோ ஒவ்வொரு முக்கிலும் நின்று வாசிக்கும். வித்வான் எவ்வளவு பெரியவரோ அந்த முக்கு அவ்வளவு நீளம். பிறந்தது முதல் எத்தனையோ ஊர்வலம் பார்த்திருக்கிறேன், இந்த ஒன்றை மறந்துபோனேன்.

ஜீப் கிளம்பியது. பின்னால் மாலையோடு மாப்பிள்ளை, ஸ்டியரிங்கில் நான், பக்கத்தில் மூடிக்குக் காவலாக முனுசாமி அண்ணன். கடைத்தெரு முக்குக்கு வந்தபோதே பொழுது சாய்ந்துவிட்டது. அங்கே வித்வான் கண்ணை மூடிக்கொண்டு ஓர் ஆலாபனையை ஆரம்பித்தார்.

"அண்ணே, இருட்டிக்கினு வருது" என்றேன்.

"சும்மா இரு தம்பி. இன்னா வாசிப்பு, இன்னா வாசிப்பு" என்று முனுசாமி அண்ணன் டேஷ்போர்டில் தாளம் போட்டார். அவரும் கண்ணை மூடியிருந்தார்.

அப்போதுதான் தெருக்கோடியில் டார்ச் வெளிச்சம் தெரிந்தது. முன்னால் கொட்டகை முதலாளி. பின்னால் டிக்கெட் வாங்கிவிட்டு இருட்டில் உட்கார்ந்து சலித்துப்போன கூட்டம், தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட் என்ற பேதமில்லாமல்.

"எங்கடா மூடி?" என்றார் முதலாளி.

முனுசாமி அண்ணன் விழித்துக்கொண்டார். இறங்கி பானெட்டைத் திறந்து, ஓடுகிற இன்ஜினிலிருந்தே மூடியைக் கழற்றிவிட்டார். வண்டி நின்றது. மேளமும் நின்றது. மண்டபத்தில் அலங்காரத்தோடு காத்திருக்கும் அக்காவை நினைத்தேன். சம்பந்தியின் ஒரே ஆசை நட்டநடுத் தெருவில் கிடந்தது. இந்தக் கல்யாணத்தில் ஒரு பேச்சு வந்தால் அது அக்காவைத்தான் காலமெல்லாம் குத்தும்.

முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, மூடிய எடுத்துக்கினு போங்க. வண்டிய மட்டும் மண்டபம் வரைக்கும் தள்ளிவுடச் சொல்லுங்க. படம் முடிஞ்சதும் எல்லாருக்கும் அங்கதான் சாப்பாடு."

இந்த மூளை நாலு மணிக் கணக்குப் போட்டபோதே வேலை செய்திருக்கலாம்.

பின்னால் நடந்து வந்த சம்பந்தி அருகில் வந்தார். "இன்னா தம்பி, வண்டி நின்னுடுச்சு? இன்னா இவ்ளோ ஜனம்?"

"மாப்பிள்ளைய இன்ஜின் வெச்சு இட்டுக்கினு போனா ஊருக்கு மரியாதை இல்லியாம் மாமா. கையாலதான் தள்ளுவாங்களாம்."

சம்பந்திக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டம் விசிலடித்துக்கொண்டே தள்ளியது. தேர்கூட அந்த வேகத்தில் போனதில்லை. நாதஸ்வரக்காரர்கள் வாசித்துக்கொண்டே ஓடினார்கள்.

ஆட்டம் முடிந்ததும் கொட்டகை மொத்தமும் பந்தியில் உட்கார்ந்தது. சமையல்காரர் நைனாவிடம் கோபித்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார். நைனா அவரைச் சமாதானப்படுத்தி மறுபடி உலை வைக்கச் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார். அடிப்பார் என்று காத்திருந்தேன். கரண்டியைக் கையில் கொடுத்துச் சாம்பார் ஊற்றச் சொன்னார். அடித்திருக்கலாம்.

சம்பந்தி கடைசிவரை அந்த ஊர்வலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். ஊரே திரண்டு தன் பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போனது என்று தென்னேரியில் அவர் சொல்லாத ஆள் இல்லை. நாங்களும் மறுக்கவில்லை. ஆனால் மாப்பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கும். கல்யாணம் முடிந்த கையோடு அக்காவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார்.

இப்போது அக்காவுக்குப் பேரன் பேத்தி எடுத்தாயிற்று. எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷத்தில் கரண்ட் போனாலும் ஒருவரும் பியூஸைப் பார்க்கப் போவதில்லை. இருட்டில் அக்காவின் குரல்தான் வரும்.

"டேய், எத்தடா கயட்டுன? போய் மாட்டு."